துப்பாக்கிக்குத் திண்டு

கரும்பலகையில் எழுதக் கை தூக்க முடியாத வாத்தியாரை நேயர்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? சென்ற வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில், நாம் பௌதிகம் போதிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த அரிய காட்சியைக் கண்டு களித்தார்கள். அன்றைக்கு நியூட்டனுடைய மூன்றாவது விதி பாடம். சுண்ணக்கட்டியுடன் மேலே போன வலக்கை, தோள் மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. இடக்கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஒவ்வொரு வினைக்கும்" என்கிற வரையில் எழுதினோம். அதற்குமேல் முடியவில்லை. போதாக்குறைக்கு நமது மேலுதடும் கொஞ்சம் வீங்கியிருந்தது.

"கையில் என்ன, ஸார்?" என்று முன் பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான்.

"சமமான எதிர்வினை" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தோம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. வேறு எந்த வருஷமும் அந்த விதி பிள்ளைகள் மனத்தில் இவ்வளவு நன்றாகப் பதிந்ததில்லை.

எதிர்வினை வேறொன்றுமில்லை. நம் தகப்பனார் விட்டுச் சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கியின் உதைதான். 12 போர் துப்பாக்கி அது. செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு சின்னஞ்சிறு கிராமத்துக்கு முன்சீப்பாக இருந்த நம் பாட்டனார் 1938-ல் அதை வாங்கினார். இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் சென்னை பி. ஓர் அண்ட் ஸன்ஸ் கம்பெனியின் பெயர் பொறித்திருக்கிறது. மவுண்ட் ரோடில் கடிகாரத்துக்குப் பெயர்போன அந்தக் கம்பெனியார் அக்காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். மேலே உள்ள பெயர்தான் சென்னையினுடையது. குழல்களைக் கழற்றி அடிப்புறம் பார்த்தால் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரைகள் இருக்கின்றன.

ஒரு கிராம முன்சீப் துப்பாக்கி வைத்துக்கொள்வது அந்நாளில் சாமான்யக் காரியமல்ல. 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தபோது ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்துவிட்டு, இந்த நாட்டில் பிறந்தவனை மட்டும் லைசென்ஸ் கேட்டு நிற்கச் சொன்னார்கள். அந்த அவமானம் நம்மவர் நெஞ்சில் வெகுகாலம் உறுத்திக்கொண்டிருந்தது. 1931-ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இடம் பெற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு எழுதிய அரசியல் சட்டத்தில் அந்த உரிமையைச் சேர்க்கவில்லை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம்தான் இன்று நம்மை ஆளுகிறது. தகப்பனார் காலமான பின், வாரிசு என்ற முறையில் விண்ணப்பம் போட்டு, ஆவடி போலீஸ் கமிஷனர் ஆபீஸ் படிகளைப் பல தடவை ஏறி இறங்கி, லைசென்ஸை நம் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். தேர்தல் வந்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் விரதம் இருந்துவிட்டுத் திரும்பும்.

தகப்பனார் இளமையில் கிராமத்து ஏரியில் உள்ளான் சுட்டவர். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதோடு துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். நாம் சுடுவது பறவையை அல்ல. ரைபிள் கிளப்பில் சேர்ந்து, யந்திரம் வீசி எறியும் தட்டைச் சுடுகிறோம். களிமண் புறா என்று அதற்குப் பெயர். ஆனால் களிமண்ணும் கிடையாது, புறாவும் கிடையாது. கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து வார்த்த 110 மில்லிமீட்டர் வட்டத் தட்டு அது. எடை 105 கிராம். புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை சென்று சுட்டது இந்த மாதிரித் தட்டைத்தான். அவரைப் பார்த்து நமக்கும் ஆசை வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து தோட்டா சுட்டோம். உடைந்த தட்டு நான்கு. உடையாத குறையாகத் தோள் ஒன்று.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது தோளில் கத்தரிக்காய் நிறம் ஏறியிருந்தது. "துப்பாக்கியை விற்றுவிடுங்கள். மனம் வராவிட்டால் அதற்கு ஒரு திண்டு தைத்துப் போடுங்கள்" என்று நம் இல்லாள் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். அவள் கேலியாகச் சொன்னாள். ஆனால் அப்படி ஒரு திண்டு உண்மையாகவே இருக்கிறது. கட்டையின் அடியில், தோளில் பதியும் இடத்தில் பொருத்துகிற ரப்பர்த் திண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டனில் எஸ். டபிள்யூ. ஸில்வர் கம்பெனியார் செங்கல் நிறத்தில் அதைச் செய்து விற்றார்கள். தேம்ஸ் நதிக்கரையில் அவர்களுடைய ரப்பர்த் தொழிற்சாலை இருந்த பேட்டைக்கே ஸில்வர்டவுன் என்று பெயர் வந்துவிட்டது.

மறு சனிக்கிழமை நகரத்தில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். "ஒரு மணி நேர வேலை, ஸார். கட்டையில் ஓர் அங்குலம் அறுத்துவிட்டு, ஓர் அங்குல ரப்பரை வைத்து இரண்டு ஸ்க்ரூ முடுக்கினால் தீர்ந்தது" என்றார்கள். எதற்கு அறுக்க வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். விசையிலிருந்து கட்டையின் அடி வரையுள்ள தூரம், சுடுகிறவனுடைய கைக்கும் கழுத்துக்கும் ஏற்ற அளவில் இருக்க வேண்டும். சட்டைக்குக் கை நீளம் போல என்று வைத்துக்கொள்ளலாம். திண்டை ஒட்டினால் அந்த நீளம் கூடிவிடும். ஆகையால் எவ்வளவு ஒட்டுகிறார்களோ அவ்வளவு மரத்தை அறுத்துவிடுவது வழக்கம்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. தலையை ஆட்டப் போனோம். அந்தச் சமயத்தில் நம் பெரியப்பாவின் துப்பாக்கி நினைவுக்கு வந்து வாயைக் கட்டிவிட்டது.

பெரியப்பாவிடமும் ஓர் இரட்டைக்குழல் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு தொழிலாளி அதன் கட்டையை அறுத்து ரப்பர் வைத்தான். அறுத்த துண்டைக் குப்பையில் போட்டுவிட்டான். அறுத்ததும் கோணல். கட்டையின் மேல்முனை தோளைத் தொடுவதற்கு முன் கீழ்முனை போய் நெஞ்சில் குத்தும். ரப்பரை இழைக்கிறேன் என்று உப்புத்தாளை மரத்தின் மேலும் ஓட்டி, நூறு வருஷத்து எண்ணெய் மெருகை ஒரு சாண் நீளத்துக்குத் தேய்த்தெடுத்துவிட்டான். சென்னை வெய்யிலில் ரப்பர் பத்து வருஷத்தில் வெல்லப்பாகு மாதிரி இளகிப் பிசுபிசுத்தது. இன்னும் பத்து வருஷத்தில் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. மெத்தையும் போயிற்று, மரமும் போயிற்று. இப்போது அந்தத் துப்பாக்கியை எடுத்துப் பிடிப்பவர்கள் குட்டைக் கட்டையோடு தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆகவே கடைக்காரரிடம் யோசித்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு, லைசென்ஸ் பெற்ற வேறொரு கடையில் வேலை செய்யும் வயதான மேஸ்திரி ஒருவரைத் தேடிப் போனோம். பெரியப்பா மகனிடம் சொல்லி அந்தப் பழைய துப்பாக்கியையும் அதே கடைக்குக் கொண்டுவரச் செய்தோம்.

மேஸ்திரி நம் துப்பாக்கியைத் தொடவில்லை. "எந்தத் தோட்டா போட்டீர்கள், வாத்தியார் ஸார்? முதலில் அதைக் காட்டுங்கள்" என்றார். காட்டினோம். 36 கிராம் ரவை அடைத்த 70 மில்லிமீட்டர்த் தோட்டா. அவர் குழலுக்குள் அளவுகோலைச் செலுத்திப் பார்த்தார். தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் அளவு அதுதான்.

"அறைக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்ததே!" என்றோம்.

"உட்காரும். அதுதான் மோசம்" என்றார் மேஸ்திரி. 70 என்பது தோட்டாவின் வாய் சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளமாம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் 65 மில்லிமீட்டர் அறையில் சமர்த்தாக அடங்கிவிடும். சுட்ட க்ஷணத்தில் வாய் விரிய இடமில்லாமல், குழல் குறுகும் பகுதியில் போய் நெருக்கும். உள்ளே அழுத்தம் ஏறும். தோளுக்கு உதை, துப்பாக்கிக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. பௌதிக வாத்தியாராகிய நாம் அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்த எண்ணைப் படிக்காமல் இருபத்தைந்து தடவை விசையை இழுத்திருக்கிறோம்! குற்றம் துப்பாக்கியினுடையதுமல்ல, கட்டையினுடையதுமல்ல.

அன்றிரவு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். நம் துப்பாக்கியின் எடை 3 கிலோ. 36 கிராம் ரவை விநாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் முன்னே போனால், துப்பாக்கி விநாடிக்கு ஏறக்குறைய 4.6 மீட்டர் வேகத்தில் பின்னே வர வேண்டும். இது ரவைக்கு மட்டும் போட்ட கணக்கு. மருந்தின் புகையும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். மணிக்குப் பதினாறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. சைக்கிள் போகிற வேகம். நம் தகப்பனார் அம்பத்தூருக்குக் குடிவந்ததே சைக்கிள் தொழிற்சாலை வேலைக்காகத்தான். அவருடைய துப்பாக்கி அவருடைய பிள்ளையின் தோளில் சைக்கிள் வேகத்தில் வந்து மோதியிருக்கிறது! ரவை 28 கிராமாக இருந்தால் வேகம் 3.5 மீட்டராகக் குறையும். வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது சக்தி. ஆகையால் உதையின் சக்தி 31 ஜூலிலிருந்து 19 ஜூலாக இறங்கிவிடுகிறது. பழைய ஆங்கிலத் தொழிலாளர்கள் இந்தக் கணக்கை ஒரே எண்ணில் அடக்கி வைத்திருந்தார்கள்: ரவையைப் போல் 96 மடங்கு எடை துப்பாக்கிக்கு வேண்டும் என்பார்கள். 3 கிலோவை 96-ஆல் வகுத்தால் 31 கிராம் வருகிறது. 36 கிராம் ஏற்றியவன் அடி வாங்கத்தான் வேண்டும்.

ரப்பர்த் திண்டு இந்தச் சக்தியில் ஓர் அணுவைக்கூட வெளியே துரத்திவிடாது. அது செய்வதெல்லாம், மோதல் நிகழும் தூரத்தைக் கொஞ்சம் நீட்டுவது. அரை அங்குலத்தில் நிற்க வேண்டிய பொருள் ஓர் அங்குலத்தில் நின்றால் தோள் கொடுக்க வேண்டிய விசை பாதியாகும். மாடியிலிருந்து குதிப்பவன் முழங்காலை மடக்குவது இதற்காகத்தான்.

அடுத்த வாரம் 65 மில்லிமீட்டர்த் தோட்டாவில் 28 கிராம் ரவையோடு சுட்டுப் பார்த்தோம். பெரும் நிம்மதி. ஆனால் மேலுதட்டில் இடி நிற்கவில்லை. மேஸ்திரியிடம் மறுபடியும் போனோம். இந்தத் தடவை அளவுகோலைக் கட்டையின் மேல் வைத்தார். விசையிலிருந்து அடிவரை 13¾ அங்குலம்.

"ஆறடி உயரம் இருக்கிறீர்கள். உங்களுக்கு 14¾ வேண்டும். கட்டை குட்டை, அதனால் சுடும்போது உங்கள் கட்டைவிரலே உங்கள் உதட்டில் இடிக்கிறது. இதிலே போய் இன்னும் ஓர் அங்குலம் அறுக்கச் சொன்னார்களா?" என்று சிரித்தார். பிறகு கட்டையின் அடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். சிரிப்பு நின்றது.

"ஸார், இதை ஏற்கனவே யாரோ அறுத்திருக்கிறார்கள்."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டையின் அடியில் வழுக்காமலிருப்பதற்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய சதுரக் கோடுகளைக் காட்டினார். கைப்பிடியில் இருக்கும் கோடுகள் நெல்மணி போல நுணுக்கமானவை, பர்மிங்ஹாம் வேலை. அடியிலுள்ளவை பருமனானவை, வேறொரு கை, வேறொரு உளி. அடி வளைந்திருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. இத்தனை நாள் கைபடாதது, கலப்படமில்லாதது என்று நாம் பூஜை செய்து வந்த துப்பாக்கி கைபட்டதுதான்!

வீட்டுக்கு வந்து நம் தாயாரிடம் சொன்னோம். தாயாருக்கு வயது எழுபத்தைந்தாகிறது. "அதைக் கேட்க அவ்வளவு தூரம் போனாயாக்கும்! பெட்டியில் துண்டு இருக்குமே, பார்க்கவில்லையா?" என்றார்.

துப்பாக்கிப் பெட்டியின் மூலையில், பழைய காகிதத்தில் சுற்றிய மரத்துண்டு ஒன்று எந்நாளும் இருந்தது. பெட்டி ஆடாமலிருக்க வைத்த ஆப்பு என்று நினைத்திருந்தோம். காகிதத்தைப் பிரித்தோம். 1961-ம் வருஷத்துச் சுதேசமித்திரன். உள்ளே அரை அங்குலத் தடிமனில், பாதத்தின் குதிகால் போல ஒரு வால்நட் மரத்துண்டு. அதன் ஒரு முகத்தில் நெல்மணிக் கோடுகள். மெல்லிய வளைவு. எண்ணெய் மெருகுகூட மங்கவில்லை.

"உன் அப்பாவுக்கு அப்போது பதினாறு வயது. கை எட்டவில்லை. உன் தாத்தா ஊர் ஆசாரியைக் கூப்பிட்டு, அரை அங்குலம் அறுத்துக் கொடுக்கச் சொன்னாராம். துண்டை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தாராம். பையன் வளர்ந்த பிறகு திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் என்று" என்றார் தாயார்.

"அப்பா ஏன் ஒட்டவில்லை?"

"'எங்கப்பா எனக்காக அறுத்தது, இருக்கட்டும்' என்பார்."

அந்த மரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். இப்போது எதை நாம் காப்பாற்ற வேண்டும்? பர்மிங்ஹாம் தொழிலாளி செய்து அனுப்பிய 14¼ அங்குலத்தையா? அல்லது ஒரு தகப்பன் தன் பிள்ளையின் கைக்காகச் செய்து கொடுத்த 13¾ அங்குலத்தையா? துண்டை ஒட்டிவிட்டால் பாட்டனார் செய்த காரியம் மறைந்துபோகும். ஒட்டாவிட்டால் துப்பாக்கி நமக்கு உதவாது. மேலும் அறுத்தாலோ இரண்டும் போய்விடும்.

பழம்பொருள் சேர்ப்பவர்கள் 'அசல்' என்று ஒரு வார்த்தையைச் சொல்லுகிறார்கள். கைபடாததே அசல் என்பது அவர்கள் கட்சி. அறுபது எழுபது வருஷம் ஒரு குடும்பத்தில் புழங்கிய பொருளில் அப்படிப்பட்ட அசல் இருக்க முடியாது. ஏட்டுச்சுவடிகளில் இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டது. ஒரு பாடம் நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக மற்ற ஏடுகளை அடுப்பில் போடுவார்களா? கொண்ட பாடம் மேலே இருக்க, மற்றப் பாடத்தைப் பிரதிபேதமாகக் காட்டி வைப்பதுதான் பதிப்பாசிரியர் தர்மம். பின்னால் வருகிறவன் வேறு முடிவுக்கு வந்தால், அவனுக்கு வழி திறந்திருக்க வேண்டும். பாட்டனார் படிப்பு நாலாவது பாரம். ஆனாலும் அந்தத் துண்டைக் காகிதத்தில் சுற்றி வைத்தபோது அவர் செய்தது பதிப்பாசிரியர் வேலைதான்.

சட்டமும் இதில் நமக்கு உதவாது. குழலைக் குறுக்குவதற்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது. கட்டையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. மரத்துக்கு நம் மனச்சாட்சிதான் காவல்.

மேஸ்திரி மூன்று வழி சொன்னார். முதலாவது, அறுத்து வைப்பது, அதை விட்டுவிட்டோம். இரண்டாவது, அறுக்காமல் மேலே வைத்து இரண்டு ஸ்க்ரூ போடுவது; மரத்தில் இரண்டு துளை விழும். மூன்றாவது, கட்டையின் அடிக்குத் தோலால் ஒரு பாதரக்ஷை தைத்து, அதற்குள் திண்டை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது; துளையும் இல்லை, பசையும் இல்லை. நாம் மூன்றாவதைக் கேட்டவுடனே கணக்கும் கண்ணுக்குள் வந்துவிட்டது. இருக்கிற கட்டை 13¾. அதன் மேல் பாட்டனார் வைத்த துண்டு அரை அங்குலம். அதன் மேல் அரை அங்குல ரப்பர். 14¾!

ரப்பருக்கு அம்பத்தூர்வாசி அலைய வேண்டியதில்லை. 1964-ல் ஏற்பட்ட நமது தொழிற்பேட்டையில் மோட்டார் வண்டிகளுக்கு ரப்பர்ச் சாமான் வார்க்கும் சிறு பட்டறைகள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றை நம் பழைய மாணவன் நடத்துகிறான். துப்பாக்கியை அங்கே எடுத்துச் செல்லவில்லை. லைசென்ஸ் இல்லாத இடத்தில் துப்பாக்கிக்கு வேலை செய்வது குற்றம். கட்டையின் அடியைக் காகிதத்தில் வரைந்து, பாட்டனார் துண்டின் வளைவைச் சாந்தில் அச்செடுத்துக்கொண்டு போனோம்.

"எந்த ரப்பர் வேண்டும், ஸார்?" என்று கேட்டு, இரண்டு உருண்டைகளை மேஜை மேல் போட்டான். ஒன்று துள்ளி எழுந்து கூரையை நோக்கிப் போயிற்று. மற்றொன்று தொப்பென்று விழுந்து அங்கேயே கிடந்தது. துள்ளியது இயற்கை ரப்பர். கிடந்தது பியூட்டைல் ரப்பர். துள்ளுகிற ரப்பர் வாங்கிய உதையை உடனே தோளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். துள்ளாதது உதையை விழுங்கி வெப்பமாக்கிவிடும். அதோடு காற்றிலுள்ள ஓஸோன் இயற்கை ரப்பரை வெடிக்கச் செய்வது போல் பியூட்டைலை எளிதில் செய்யாது. பெரியப்பா துப்பாக்கியின் வெல்லப்பாகு நினைவுக்கு வந்தது. "கிடக்கிறதையே கொடு அப்பா" என்றோம். நாம் கற்றுக் கொடுத்த பாடத்தை நமக்கே நடத்திவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டான்.

பெரியமேட்டில் ஆட்டுத்தோல் வாங்கி, செருப்புத் தைக்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்துப் பாதரக்ஷையும் ஆயிற்று. "குழந்தைக்கா, ஸார்? ஒற்றைக் காலுக்குத்தான் அளவு கொடுத்திருக்கிறீர்கள்" என்றார் அவர். விஷயத்தைச் சொன்னதும், உள்ளே தையல் முடிச்சு மரத்தில் உறுத்தாதபடி மடித்துத் தைத்துக் கொடுத்தார்.

பெரியப்பா துப்பாக்கிக்கு மேஸ்திரியே வைத்தியம் பார்த்தார். அங்கே மரம் போனது போனதுதான். ஆகவே புதிதாகத் துளை போடாமல் பழைய துளைகளிலேயே புதுத் திண்டைப் பொருத்தினார். கோணலைத் தீர்க்க, இடையில் மெல்லிய வால்நட் ஆப்பு ஒன்று வைத்தார். திண்டின் விளிம்பை இழைக்கும்போது அதைத் துப்பாக்கியில் வைத்து இழைக்கவில்லை. மரத்தைச் சுற்றி நாடா ஒட்டி, கட்டையின் கீழ்க்கோடு திண்டிலும் தொடர்ந்து ஓடும்படி ஊசியால் கீறிக்கொண்டு, திண்டைத் தனியே கழற்றி இழைத்தார். மறுபடியும் பொருத்தும்போது, ரப்பரின் முகத்தில் சிறு கீறல் போட்டு, திருப்புளிக்குச் சோப்புத் தடவி உள்ளே செலுத்தி ஸ்க்ரூவை முடுக்கினார். திருப்புளியை உருவியதும் கீறல் தானே மூடிக்கொண்டது. ஸ்க்ரூ இருக்கும் இடம் தெரியவில்லை. "பழைய செங்கல் நிற ஸில்வர்த் திண்டு கெட்டியாக மிஞ்சியிருந்தால், அதைக்கூடத் தூக்கி எறியக்கூடாது, ஸார். அதுவும் அந்தத் துப்பாக்கியின் வயசுதான்" என்றார்.

நம் ஏற்பாட்டிலும் குறை இல்லாமல் இல்லை. தோல், ரப்பர், துண்டு எல்லாம் சேர்ந்து பின்பக்கம் கனத்துவிட்டது. குழல் முன்னைக்கு லேசாக மேலே எழும்புகிறது. அது கைக்குப் பழக மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், சுட்டு முடித்த அன்றே பாதரக்ஷையைக் கழற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் மறந்தால் மரம் கறுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். அறுத்து ஒட்டியிருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. உண்மைதான். மூன்று நிமிஷம் கயிறு கட்டி அவிழ்க்கும் சிரமத்தை நாம் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

முதல் தடவை பாட்டனார் துண்டைக் கட்டையின் மேல் வைத்துப் பார்த்தபோது, மரத்தின் ரேகைகள் ஓடிவந்து ஒன்றோடொன்று சேரும் என்று எதிர்பார்த்தோம். கிட்டத்தட்டச் சேர்ந்தன. முழுவதும் சேரவில்லை. ஒரு நூல் அகலத்துக்கு ரேகை விட்டுப்போயிருக்கிறது. 1961-ல் அந்த ஆசாரியின் ரம்பம் தின்ற மரம் அது. துண்டைப் பத்திரப்படுத்திய பாட்டனாராலும் அந்த ஒரு நூல் மரத்தூளைப் பத்திரப்படுத்த முடியவில்லை.

பெட்டிக்குள் இப்போது ஒரு காகிதமும் வைத்திருக்கிறோம். எந்த வருஷம் யார் எவ்வளவு அறுத்தார்கள், நாம் எதை எப்படிச் சேர்த்தோம், எப்படிக் கழற்றுவது, எந்த அளவுத் தோட்டா மட்டும் போட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. தோட்டா விஷயத்தைச் சிவப்பு மையில் எழுதினோம். நம் பெண்ணுக்கு இப்போது பதினான்கு வயது. காகிதத்தைப் படித்துவிட்டு, "எனக்குக் கை எவ்வளவு நீளம் இருக்கும், அப்பா?" என்று கேட்டாள். வளர்ந்த பிறகு அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறோம்.

பாதரக்ஷை போட்டுச் சுட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை பதினொரு தட்டு உடைந்தது. மறுநாள் வகுப்பில் மூன்றாவது விதியைக் கரும்பலகையின் உச்சியில், முழுவதும், ஒரே மூச்சில் எழுதி முடித்தோம். முன் பெஞ்சுப் பையன் முகத்தில்தான் ஏமாற்றம் தெரிந்தது.